நின்ற இடமே சாட்சி

பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து, பெற்றோரின் அனுமதியுடன் இணையக் கடையில் ஒரு கணிப்பொறி விளையாட்டை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலம் எதுவும் வீட்டுக்கு வராது. பணம் கட்டியதும் கடை ஓர் இணைப்பைத் தரும். அதைச் சொடுக்கி நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டின் அளவு 30 ஜி.பி. டவுன்லோட் மேனேஜர் என்னும் நிரலிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் பார்த்தால் 63 சதவீதத்தில் நின்றுபோய், சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்று இருக்கிறது.

என்ன செய்வீர்கள்? கோபத்தில் அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவீர்கள், இல்லையா? நில்லுங்கள்! நீங்கள் அழிக்கப்போவது ஏறத்தாழ 19 ஜி.பி. நாளுக்கு 2 ஜி.பி. என்று அளந்து தரும் தொலைபேசித் திட்டத்தில் அது ஒன்பது நாள் பங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், தடயத்தையே அழிக்கிறீர்கள். வயிற்றுவலி என்று போனால் டாக்டர் முதலில் ‘எங்கே வலிக்கிறது?’ என்றுதானே கேட்கிறார்? இங்கேயும் முதற்கேள்வி அதுதான்: எங்கே நின்றது?

கோப்பு எப்படி வந்து சேருகிறது என்று முதலில் பார்ப்போம். 30 ஜி.பி. என்பது ஒரே மூட்டையாக வருவதில்லை. ஒவ்வொன்றும் சுமார் 1,460 பைட் சுமக்கும் சிறு பொட்டலங்களாக வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 2 கோடிக்கும் மேற்பட்ட பொட்டலங்கள்! வழியில் ஒன்று தொலைந்தால் அதை மறுபடி கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி அடுக்குவது டி.சி.பி. என்னும் விதிமுறையின் வேலை. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974இல் இதன் அடிப்படையை வெளியிட்டார்கள். ஆனால் மின்சாரம் போய் இணைப்பே அறுந்துவிட்டால் டி.சி.பி.யால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் டவுன்லோட் மேனேஜர் உதவிக்கு வருகிறது.

நூலகத்திலிருந்து 1,000 பக்க நூல் ஒன்றை ஒருவர் தொலைபேசியில் படிக்க, நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். 630ஆம் பக்கத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்து, ‘631ஆம் பக்கத்திலிருந்து படியுங்கள்’ என்பீர்கள். அவ்வளவுதான் சங்கதி! இப்படிக் கேட்பதற்கான முறை 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் விதித்தொகுப்பில் இடம்பெற்றது. கடையின் செர்வர் அதற்கு உடன்பட்டால் 206 என்ற எண்ணைப் பதிலாகச் சொல்லும். ‘நீ கேட்ட பகுதியை மட்டும் தருகிறேன்’ என்று பொருள். 200 என்று சொன்னால், ‘எனக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை, முதலிலிருந்தே படிப்பேன்’ என்று பொருள். மேனேஜரின் லாக் என்னும் பதிவேட்டைத் திறந்தால் இந்த எண்களைக் காணலாம். அந்தப் பதிவேட்டைத் திறந்துபார்க்காமல் கடைக்குப் புகார் எழுதுவோர்தான் அதிகம்!

வெவ்வேறு இடத்தில் நின்றால்

ஒருநாள் 12 சதவீதம், மறுநாள் 40, பிறகு 63 என்று நின்ற இடம் மாறிக்கொண்டே இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் வழிதான். வைஃபை அலை பலவீனமாக இருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம், கணிப்பொறியே தூங்கப் போயிருக்கலாம். மேனேஜர் ஒரே கோப்புக்கு எட்டு, பதினாறு இணைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியைக் கேட்கும் வழக்கமும் உண்டு. சில செர்வர்கள் இந்தப் பேராசையை விரும்பாமல் கதவைச் சாத்திவிடும். இணைப்புகளை ஒன்று அல்லது இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணைப்பைப் பெற்றவர் அதை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அதனால் பல கடைகள் சில மணி நேரம் மட்டுமே செல்லும் இணைப்பைத் தருகின்றன, சினிமா டிக்கெட்டில் காட்சி நேரம் இருப்பதைப்போல. இரவில் நின்றதைக் காலையில் தொடர்ந்தால் செர்வர் 403 என்று சொல்லும். ‘அனுமதி இல்லை’ என்று பொருள். உங்கள் கணக்கில் மறுபடி நுழைந்து புதிய இணைப்பைப் பெற்று, பழைய வேலையின் முகவரியில் அதை மாற்றிக் கொடுங்கள். பாதிக் கோப்பு அப்படியே இருக்கட்டும். அதன் அருகிலேயே மேனேஜர் வைத்திருக்கும் சிறு கணக்குக் கோப்பையும் தொடாதீர்கள். எதுவரை வந்தது என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது.

சில வேளை 30 ஜி.பி. கோப்பு ஒரே விநாடியில் ‘முடிந்தது’ என்று வரும். மகிழாதீர்கள், அளவைப் பாருங்கள். சில கே.பி. மட்டுமே இருந்தால் வந்தது விளையாட்டு அல்ல, கடையின் வாசற்கதவு! நீங்கள் கணக்கில் நுழைந்திருப்பது உலாவிக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. அது போய்க் கேட்டபோது ‘பெயரும் கடவுச்சொல்லும் சொல்’ என்ற பக்கத்தைச் செர்வர் நீட்டியிருக்கிறது. மேனேஜர் அதையே விளையாட்டு என்று எண்ணிப் பத்திரப்படுத்திவிட்டது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 40 எம்.பி.பி.எஸ். இணைப்பு வாங்கியும் மேனேஜர் 5 தான் காட்டுகிறது என்று வருந்த வேண்டாம். (இது டாக்டர் பட்டமல்ல, விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதன் சுருக்கம்.) மேனேஜர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட், ஆகவே 40ஐ 8ஆல் வகுத்தால் 5. இந்த வேகத்தில் 30 ஜி.பி. வர 6,000 விநாடி, அதாவது 1 மணி 40 நிமிடம் ஆகும்.

அதே இடத்தில் நின்றால்

இனி என் அக்காள் மகன் கதை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். 11 ஜி.பி. அளவுள்ள ஒரே கோப்பாக வந்த விளையாட்டை, கணிப்பொறியில் இடமில்லை என்று 64 ஜி.பி. பென் டிரைவில் இறக்கினான். 4 ஜி.பி.யில் நின்றது. அழித்தான், மறுபடி தொடங்கினான். மறுபடி 4 ஜி.பி. மூன்று தடவை, 12 ஜி.பி. வீண். ‘நெட் சரியில்லை மாமா’ என்று இணைய நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தான். ‘மூன்று தடவையும் எங்கே நின்றது?’ என்று கேட்டேன். ‘அதே இடம்’ என்றான். மின்வெட்டும் வைஃபையும் இப்படி இடம் பார்த்து வருவதில்லை.

அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்னும் முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அதில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதிவைக்க 32 பிட் இடமே உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429,49,67,295. கோப்பு அதைவிட ஒரு பைட் கூடினாலும் அளவை எழுத இடமில்லை! டிரைவில் 60 ஜி.பி. காலியாக இருந்தாலும் பயனில்லை. மிதிவண்டியின் நான்கு இலக்க மீட்டர் 9999க்குமேல் காட்ட முடியாததைப் போன்றதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்த டிரைவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அமைப்பை மாற்றினால் டிரைவில் உள்ள எல்லாம் அழியும். முன்பே வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

முழுதும் வந்தும் திறக்காவிட்டால்

100 சதவீதம் வந்துவிட்டது, நிறுவும்போது ‘கோப்பு பழுது’ என்கிறது. பல துண்டுகளாக வரும் விளையாட்டென்றால் முதலில் துண்டுகளை எண்ணுங்கள். 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்னும் போலந்து நாட்டுக் கடை, பெரிய விளையாட்டுகளை ஒரு நிறுவற் கோப்பும் பல துணைக் கோப்புகளுமாகத் தருகிறது. எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுவ முடியாது.

எல்லாம் இருந்தும் திறக்கவில்லையா? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நண்பனுக்கு 4, 7, 2, 9 என்ற எண்களைத் துண்டுச் சீட்டில் அனுப்பி, கூட்டுத்தொகை 22 என்பதையும் எழுதுங்கள். வழியில் 2 என்பது 3 ஆகிவிட்டால் தொகை 23 ஆகும், திருட்டு பிடிபடும். ஆனால் 7, 4, 2, 9 என்று இடம் மாறினால்? தொகை அதே 22! டி.சி.பி. ஒவ்வொரு பொட்டலத்திலும் வைக்கும் சோதனையும் இதைப்போன்ற கூட்டல்தான். அதற்கு 16 பிட் மட்டுமே இடம். ஜொனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 1,100இலிருந்து 32,000 வரையிலான பொட்டலங்களுக்கு ஒன்று இந்தச் சோதனையில் தோற்பதைக் கண்டார்கள். வழியில் அவ்வளவு கெடுகிறதென்றால், கூட்டுத்தொகை மாறாமல் கெட்டு நழுவிவிடுவதும் சில இருக்கும் அல்லவா?

இன்றைய கடைகள் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பூட்டிய வழியில் அனுப்புவதால் வழியில் கெடுவது உடனே பிடிபட்டுவிடும். ஆகவே சந்தேகம் நம் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. கணிப்பொறியின் ரேம் நினைவகம் பழுதாகியிருக்கலாம், டிஸ்க் தேய்ந்திருக்கலாம். அல்லது நீங்கள் பாதி இறக்கியபின் கடை புதிய பதிப்பை வைத்திருக்க, மேனேஜர் அதைக் கவனிக்காமல் பழைய பாதியோடு புதிய பாதியை ஒட்டியிருக்கலாம். தலை சிங்கம், உடல் மனிதன்! அளவு சரியாகவே இருக்கும், விளையாட்டுத்தான் ஓடாது.

இதைக் கண்டுபிடிக்க எஸ்.எச்.ஏ.256 என்னும் கணக்கு முறை இருக்கிறது. எத்தனை ஜி.பி. கோப்பானாலும் அதை 64 எழுத்துக் கைரேகையாகச் சுருக்கிவிடும். ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகும். கடை கைரேகையை வெளியிட்டிருந்தால் உங்கள் கோப்பின் கைரேகையோடு ஒப்பிடுங்கள். விண்டோசிலும் லினக்சிலும் இதற்கான கட்டளை உண்டு. கணிப்பொறி ஆசிரியரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் காட்டிக் கொடுப்பார். 2003இல் வந்த ஸ்டீம் என்னும் கடை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோப்புகளைச் சுமார் 1 எம்.பி. துண்டுகளாக்கிக் கணக்கு வைத்திருப்பதால், ‘கோப்புகளைச் சரிபார்’ என்றால் கெட்டதை மட்டும் மறுபடி தருவித்துக் கொள்ளும்.

அக்காள் மகனின் நான்காவது முயற்சியை அழிக்க நான் விடவில்லை. பென் டிரைவில் இருந்த 4 ஜி.பி.யையும் அதன் கணக்குக் கோப்பையும் கணிப்பொறியின் டிஸ்க்குக்கு மாற்றினோம். பழைய திரைப்படங்கள் சிலவற்றை அழித்ததில் அங்கே இடம் கிடைத்தது. கணக்கில் நுழைந்து புதிய இணைப்பை வாங்கிக் கொடுத்தோம். பதிவேட்டில் 206 என்று வந்தது. மீதி 7 ஜி.பி. விடியற்காலையில் வந்து முடிந்தது. கைரேகை பொருந்தியது, விளையாட்டும் திறந்தது. அவனுக்குத்தான் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.