பீங்கானோடு கைமாற வேண்டியது

மும்பையின் பழைய பார்சி இல்லங்கள் சிலவற்றில், கண்ணாடி அலமாரிக்குள் நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் கலங்களை இன்றும் காணலாம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பருத்தியும் அபினியும் ஏற்றிக் காண்டன் துறைமுகம் சென்ற வணிகர்கள் பட்டு, தேயிலையோடு கொண்டுவந்தவை அவை. சர் ரத்தன் டாட்டா திரட்டிய சீனப் பீங்கான்கள் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தை அடைந்தன. வீடுகளில் எஞ்சியவற்றின் மதிப்பு என்ன என்ற வினா, பெரும்பாலும் பாகப்பிரிவினை நாளில்தான் எழுகிறது.

அடிப்புற முத்திரையை மட்டும் நம்பி விடை கூற இயலாது. 1722இல் மறைந்த காங்சி பேரரசரின் பெயரை, முன்னோர் கலைமீது கொண்ட மதிப்பினால் 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களும் எழுதினர். ஆங்கில எழுத்தில் ‘சைனா’ என்றிருப்பின், அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் விதித்தது.

ஆகவே, யார், எப்போது, எங்கிருந்து கொண்டுவந்தார் என்னும் குடும்ப நினைவும் பெருமதிப்புள்ள சான்றாகிறது. மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதி, நிழற்படங்கள், பழைய கடிதங்கள், ரசீதுகளோடு பேணுவோம். வல்லுநரின் மதிப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் அந்த ஏடு துணைநிற்கும். விரிசலை நாமே ஒட்ட முயல வேண்டாம்.

நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது இதனை மறத்தலாகாது. அலமாரிச் சாவியோடு அந்த ஏட்டையும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போம்.