கல்வராயன் மலைக்குத் தொண்டாற்றச் செல்வோர் அறிய வேண்டியவை

சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகளில் 1992 முதல் 2002 வரை பணியாற்றிய, அமெரிக்க அரசின் தொண்டு அமைப்பான அமைதிப் படையின் (Peace Corps) தன்னார்வலர்கள், பணியிடத்துக்குச் செல்லும் முன் அந்நாட்டு மொழியிலும் வழக்கங்களிலும் சில வாரப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறிக் கல்வராயனில் மருத்துவ முகாம் நடத்தவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் செல்கிற கல்லூரி மாணவர்களும், விடுமுறையில் ஊர் திரும்பிய வெளிநாடுவாழ் தமிழர்களும் அப்படி எந்த ஆயத்தமும் செய்துகொள்வதில்லை. அங்கேயும் தமிழே பேசப்படுவதால் அறிந்துகொள்ளத் தனியாக ஒன்றுமில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறானது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேர்வராயன், சவ்வாது, பச்சை மலைகளோடு சேர்ந்து, பாலாற்று வடிநிலத்தையும் காவிரி வடிநிலத்தையும் பிரிக்கும் வரம்பாக நிற்கிறது. தெற்கில் உயர்ந்த பெரிய கல்வராயன், வடக்கில் சற்றே தாழ்ந்த சின்னக் கல்வராயன் என இரு பிரிவுகளாக வழங்கும் இம்மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு நிற்காமல் சேலம், தருமபுரி மாவட்டங்களுக்குள்ளும் நீள்கிறது. ஆகவே, பக்கத்துப் பக்கத்துச் சிற்றூர்கள் வெவ்வேறு ஆட்சியரின் கீழ் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் 34-ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி தொடங்கப்பட்ட பின், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம் மலைக்குக் கிடைத்தது. கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையால் கீழே நெல்லும் கரும்பும் விளைய, தண்ணீர் பிறக்கும் மேட்டு நிலம் பெரும்பாலும் மழையையே நம்பியிருக்கிறது.

மலைமக்கள் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பட்டியல் பழங்குடியினர் ஆணை இவர்களைத் தென்னார்க்காடு, சேலம், தருமபுரி முதலிய குறிப்பிட்ட பழைய மாவட்டங்களோடு சேர்த்தே அங்கீகரிக்கிறது. அதனால் அந்த எல்லைக்கு வெளியே குடியேறிய குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதே பெரும்பாடாகிவிடுகிறது. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியில் இடஒதுக்கீடும் இல்லை.

தன்னார்வலர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இம்மலையின் ஆட்சி வரலாறு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் எனப்பட்ட மூன்று ஜாகிர்தார்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இம்மலை இருந்தது. வரி தண்டும் உரிமையோடு நிலப்பகுதி ஒன்றை ஆண்டு அனுபவிக்கும் உரிமைக்கு ஜாகிர் என்று பெயர். இவர்களுக்கு அதை வழங்கியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் என்பது செவிவழிச் செய்தி. நாடு விடுதலை பெற்ற பிறகும் நீடித்த அந்த முறை, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. மக்கள் வாக்களிக்கத் தொடங்கியதோ 1996-இல்தான் என்று, மலைமக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் தெரிவிக்கப்பட்டது. அரசு அலுவலகம் என்ற ஒன்றோடு இம்மக்களுக்குள்ள பழக்கம் சமவெளியினரின் பழக்கத்தைவிட மிகக் குறுகியது என்பதை இந்த ஆண்டுகள் காட்டும்போது, படிவம் நிரப்பத் தயங்கும் முதியவரை 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று எழுதிச் செல்வது நியாயமாகாது.

நிலமும் அப்படித்தான். பாட்டன் காலத்திலிருந்து உழுத காட்டுக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் பல. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தில் பயிரிட்டுவரும் பழங்குடியினருக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை வழங்க 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழிசெய்தது. கோரிக்கையை முதலில் ஆராய வேண்டியது கிராம சபை. ஆனால், நீதிமன்ற ஒப்புதலின்றி உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2008-இல் இட்ட இடைக்கால ஆணை, 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை நடப்பிலிருந்ததால் தமிழ்நாடு இதில் பல ஆண்டுகள் பின்தங்கியது.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மலையின் பழைய பயிர்கள். கடுக்காய் காட்டின் கொடை. இன்று கைக்குப் பணம் தருவது மரவள்ளி. கிழங்கு ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' என்ற கணக்கில் அளந்து விலை சொல்வது வழக்கமாகையால், அந்த அளவீடு விளைவித்தவரின் கையில் இல்லை. விலை சரிந்த ஆண்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளிமாநில வேலைக்குப் போவோர் உண்டு. அப்படிப் போவதன் ஆபத்தை, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழ்நாட்டு மலைக்கிராமத்தார் உள்ளிட்ட 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே அறிந்தது.

செய்தித்தாள்களில் இம்மலையின் பெயர் பெரும்பாலும் சாராயத்தோடு சேர்ந்தே வருகிறது. சாராய ஊறல் இங்கே போடப்பட்டதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நச்சுச் சாராய நிகழ்வின் களம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரம். கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள். அந்தப் பழியையும் மலைமீது சுமத்துவது பிழை.

வெளியிலிருந்து வந்தோர் இங்கே எப்படி வேரூன்ற முடியும் என்பதற்கு நல்ல சான்று, கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில் கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கி, உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் செல்லும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தனர். அது இன்று முழு மருத்துவமனை. இயற்கை வேளாண்மைச் சங்கமும், பக்கத்துத் தாண்டாக்கள் எனும் குடியிருப்புகளில் வாழும் லம்பாடிப் பெண்களுடைய பூவேலைத் தொழிலும் அதையொட்டி வளர்ந்தன. முதலில் மருத்துவம், பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் உழவு என்ற அந்த வரிசை கவனிக்கத்தக்கது.

ஒருநாள் முகாமில் தரும் மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிடும். அடுத்த மாதமும் அதே மருத்துவர் வருவாரா என்பதே மலையில் முதலில் எழும் கேள்வி. ஆகவே ஓரிரு நாள் மட்டுமே ஒதுக்க முடிந்தவர்கள் புதிய திட்டம் எதையும் தொடங்காமல், ஏற்கெனவே அங்கே இயங்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கோ ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கோ என்ன தேவை என்று கேட்டுத் துணைநிற்பது நலம். ஓராண்டு தங்க இயன்றவர்கள், ஊர்ப் பெரியவர்களின் இசைவோடு, சாதிச் சான்றிதழுக்கும் வன உரிமைப் பட்டாவுக்கும் மனு எழுதிக் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு கூடவே நடக்கட்டும்.