மழலையர் சமூகக் கல்வியும் தமிழ் முறைப்பெயர்களும்

மழலையர் வகுப்பில் சமூகப் பாடம் கற்பிக்கப் புகுவார், வீட்டினின்று தெருவிற்கும், தெருவினின்று ஊருக்கும், ஊரினின்று நாட்டிற்கும் செல்லும் நெறியினையே பெரிதும் மேற்கொள்வர். அமெரிக்கக் கல்வியறிஞர் பால் ஹன்னா கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நெறியை வகுத்துப் பரப்பினார். இதன் முதற்படியாகிய குடும்பப் பாடம் தமிழ்க் குழந்தைக்கு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

சுவிட்சர்லாந்து உளநூலறிஞர் பியாஜே 1924இல் வெளியிட்ட நூலில் ஓர் ஆய்வினை விளக்குகின்றார். "உனக்கு உடன்பிறந்தான் உளனா?" என்று வினவின், "உளன்" எனச் சிறுவன் விடையிறுப்பான். "அவனுக்கு உடன்பிறந்தான் உளனா?" எனின், "இல்லை" என்பான். பிறன் நிலையில் நின்று தன்னைக் காண அவனுக்கு இன்னும் இயலவில்லை. மன்பதை பற்றிய கல்விக்கு இவ்வாற்றலே அடிப்படை; தலைநகர்ப் பெயர்களும் தலைவர் பிறந்த நாள்களும் அல்ல.

தமிழில் இவ்வினாவை அவ்வாறே எழுப்புதல் பொருந்தாது. குழந்தையின் வாயில் வழங்குவன அண்ணன், தம்பி என்னும் சொற்களேயன்றி இருவர்க்கும் பொதுவான சொல் அன்று. "உன் அண்ணனுக்குத் தம்பி உண்டா?" என்றே கேட்டல் வேண்டும். ஆகவே விடை கூறுவோன் நிலையை மட்டுமன்றிச் சொல்லையும் மாற்றித் தன்னைக் கண்டாக வேண்டும்.

பண்டைத் தமிழோ யாருடைய உறவு என்பதனைச் சொல்லின் உறுப்பாகவே அமைத்திருந்தது. எந்தை என்பது என் தந்தை. நுந்தை என்பது உன் தந்தை. தந்தை என்பதோ அவன் தந்தை. யாய், ஞாய், தாய் என்பனவும், எம்பி, நும்பி, தம்பி என்பனவும், எங்கை, நுங்கை, தங்கை என்பனவும் அத்தகையனவே. இவற்றுள் படர்க்கை வடிவங்களே எஞ்சி இன்று மூவிடத்திற்கும் பொதுவாயின. சொற்பிறப்பினை மட்டும் நோக்கின், 'என் தம்பி' என்று நாம் அன்றாடம் கூறுவதும் இடவழுவே! இவ்வழக்கிறந்த சொற்களைக் குழந்தைக்குப் புகட்டுக என்பது எம் கருத்தன்று. கற்பிப்போர் அறிந்திருத்தல் நலம் என்பதே.

ஆங்கிலப் பாடநூலைத் தழுவும் வகுப்புகளிலோ பெரியப்பன், சிற்றப்பன், மாமன் ஆகிய மூவரும் 'அங்கிள்' என ஒருவராகி விடுகின்றனர். சிற்றப்பன் மக்கள் உடன்பிறந்தார் முறையினர், மாமன் மக்கள் மைத்துன முறையினர் என்னும் தமிழ்க்குடும்ப அமைப்பு முழுவதும் இவ்வொரு சொல்லில் மறைந்துபோகின்றது. இவ்விழப்பு சிறிதன்று.

குழந்தைகள் ஐவரை ஒரு வீட்டாராக நிறுத்தி, "இவளுக்கு இவன் யார்? இவனுக்கு இவள் யார்?" என இருபுறமும் மாற்றி வினவுதல் எளிய முறையாம். தந்தையை இழந்த குழந்தையும், பாட்டியிடம் வளரும் குழந்தையும் வகுப்பில் இருத்தல் கூடும். ஆகலின் தத்தம் வீட்டைக் கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. விளையாட்டு வீடே போதும்.

பாட்டி வேடம் பூண்டவளை ஒரு குழந்தை அப்பத்தா என்னும். மற்றொன்று ஆச்சி என்னும். பிறிதொன்று அம்மாயி என்னும். இவற்றுள் எதனையும் பிழையெனத் திருத்தாது, "உன் பாட்டி ஊர் எது? அங்கு எதில் ஏறிச் செல்வாய்?" என வினவின், குடும்பப் பாடம் அங்கேயே ஊர்ப் பாடமாகத் தொடங்கிவிடும்.