50 வருடம் புதைத்து வைத்த புத்தம் புது கார்... திறந்து பார்த்தால் என்ன ஆனது?

புத்தம் புது காரை யாராவது மண்ணுக்குள் புதைப்பார்களா? அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் டல்சா நகரத்துக்காரர்கள் புதைத்தார்கள். அதுவும் ஊரே கூடி விழா எடுத்து!

1957 ஜூன் 15. ஓக்லஹோமா தனி மாநிலமாகி 50 வருடம் ஆனதைக் கொண்டாடும் நேரம். 'இன்னும் 50 வருடம் கழித்து வரப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பரிசு வைப்போம்' என்று முடிவெடுத்தார்கள். நீதிமன்ற வளாகத்தில் குழி வெட்டி, கான்கிரீட் தொட்டி கட்டி, அதற்குள் ஒரு கார். தங்க நிறமும் வெள்ளையும் கலந்த 1957 மாடல் பிளிமத் பெல்விடியர். துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு பூசி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே மூடி போட்டார்கள். அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் தொட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

2007-ல் பெட்ரோல் என்ற ஒன்று இருக்குமோ, இருக்காதோ என்று 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் பெட்ரோலும் கூடவே வைத்தார்கள். ஒரு பெட்டி பீர் வேறு! அந்தக் காலத்துப் பெண்ணின் கைப்பையில் என்னவெல்லாம் இருக்கும் என்று காட்ட லிப்ஸ்டிக், கொண்டை ஊசிகள், சூயிங்கம், கட்டாத ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டு, 2 டாலர் 43 சென்ட் சில்லறை. எல்லாம் காருக்குள் போயின.

கார் யாருக்கு? அதற்கு ஒரு போட்டி. 2007-ல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று யார் சரியாகக் கணிக்கிறாரோ, அவருக்கு.

இது எப்படிப்பட்ட கார்?

அமெரிக்காவில் அப்போது 'ஃபுல் சைஸ்' என்றாலே ஒரு கம்பீரம். பெல்விடியரின் நீளம் 5 மீட்டருக்கும் மேல். நம் பழைய அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் கிட்டத்தட்ட மூன்று அடி நீண்டு நிற்கும். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் உட்காரும் சோபா மாதிரி இருக்கைகள். பின்பக்கம் மீன் துடுப்பு போல உயர்ந்து நிற்கும் 'ஃபின்'கள். வர்ஜில் எக்ஸ்னர் என்ற வடிவமைப்பாளர் தலைமையில் உருவான இந்த வடிவம் 1957-ல் அமெரிக்காவையே திரும்பிப் பார்க்கவைத்தது.

அழகு இருந்தது. ஆனால், ஒரு பலவீனமும் இருந்தது. அவசர அவசரமாகச் சந்தைக்கு வந்ததால், அந்த வருடத்து பிளிமத் கார்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று பெயர் வாங்கின. சாலையில் ஓடிய கார்களுக்கே அந்தக் கதி!

மூடி திறந்தது

2007 ஜூன். தொட்டியைத் திறந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர். குழிக்குள் எப்படியோ நீர் இறங்கி, காரையே மூழ்கடித்திருந்தது.

ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த அரங்கில் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கார் வடிவத்தில் ஒரு துருக் குவியல். இருக்கைத் துணி மக்கிப் போயிருந்தது. என்ஜினைக் கிளப்பிக் காட்டுவதற்காகவே, பழைய கார்களை மாற்றியமைப்பதில் பெயர்பெற்ற டி.வி பிரபலம் பாய்ட் காடிங்டன் வந்திருந்தார். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காரோடு சேர்த்துப் புதைத்த இரும்புக் குழாய்ப் பெட்டியில் மட்டும் தண்ணீர் புகவில்லை. அதிலிருந்த கொடியும் காகிதங்களும் நன்றாகவே இருந்தன. போட்டியில் வென்றவர் சொல்லியிருந்த எண் 3,84,743. உண்மையான மக்கள்தொகை 3,82,457. அரை நூற்றாண்டுக்கு முன்பு சொன்ன கணிப்பில் 2,286 பேர்தான் வித்தியாசம்! ஆனால், அவர் 1979-லேயே இறந்துவிட்டார். கார் அவருடைய சகோதரிகளுக்குப் போனது.

பிறகு நியூ ஜெர்சியில் துரு நீக்கும் மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனம் பொறுமையாக அதைச் சுத்தம் செய்தது. சில இடங்களில் பழைய நிறம்கூட எட்டிப் பார்த்தது. ஆனால், துருவை எடுக்க எடுக்க அடியில் இரும்பே மிச்சமில்லை. தகடு காகிதம் போல் மெலிந்திருந்தது. இனி ஓட்டவே முடியாது. 2017-ல் இலினாய் மாநிலத்தின் ரோஸ்கோ ஊரில் உள்ள கார் அருங்காட்சியகத்தில் அது காட்சிப் பொருளானது.

அதே வயசு, வேற தலையெழுத்து

இப்போது டல்சாவிலிருந்து கியூபாவுக்கு வருவோம். தலைநகர் ஹவானாவின் தெருவில் நின்றால் செவ்ரோலே, பியூக், டாட்ஜ், பிளிமத் என்று 1950-களின் அமெரிக்கக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். இத்தனைக்கும் அது கடற்கரை ஊர். உப்புக் காற்று இரும்புக்கு எமன்.

1959-ல் கியூபாவில் புரட்சி. 1962-ல் அமெரிக்காவின் முழு வர்த்தகத் தடை. புது அமெரிக்கக் கார் வரவில்லை, உதிரிப் பாகமும் வரவில்லை. 2011 வரை, புரட்சிக்கு முன்பு வந்த கார்களை மட்டும்தான் மக்கள் தங்களுக்குள் தாராளமாக வாங்கி விற்க முடியும். எனவே, வீட்டில் இருந்த பழைய கார்தான் சொத்து. பலருக்கு அதுதான் சோறு. இந்தக் கார்களுக்கு அங்கே செல்லப் பெயர் 'அல்மென்ட்ரோன்'. பெரிய பாதாம் கொட்டை என்று அர்த்தம். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஒரே வழித்தடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கி ஓடுகின்றன.

பானெட்டைத் திறந்தால் உள்ளே ரஷ்யாவின் வோல்கா என்ஜின் இருக்கும், அல்லது ஜப்பானிய டீசல் என்ஜின் இருக்கும். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து போட்டிருப்பார்கள். துருப்பிடித்த இடத்தை வெட்டி, வேறு தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும் என்று நினைக்கும் சேகரிப்பாளர் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கலாம். ஆனால், கார் ஓடுகிறது. தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுகிறான்.

சீரமைப்பவர்கள் முதலில் பார்ப்பது எதை?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கார்களை வாங்கிச் சீரமைப்பவர்கள் ஏராளம். புதிதாக வருகிறவர்கள் முதலில் 'என்ஜின் ஓடுதா?' என்று கேட்பார்கள். அனுபவசாலிகள் தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

* தகடுதான் முக்கியம்: என்ஜின் கெட்டால் இறக்கிப் பிரித்துச் சரிசெய்யலாம். சேஸிஸ், காலடித் தகடு, டிக்கியின் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை ஆகியவை துருவில் போயிருந்தால் டிங்கரிங் செலவு காரின் விலையையே தாண்டிவிடும்.

* காந்தம் போதும்: மட்கார்டிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெயின்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

* எந்த ஊர்க் கார்? பனி உருக சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய கார் சீக்கிரம் அரித்துவிடும். அரிசோனா போன்ற வறண்ட பாலைவனத்தில் கிடந்த காரின் பெயின்ட் வெளுத்திருந்தாலும் தகடு கெட்டியாக இருக்கும்.

* பாகம் கிடைக்குமா? 1957 செவ்ரோலே, இம்பாலா போன்ற பிரபல மாடல்களுக்குத் தகடுகளைக்கூட இன்றும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். அதிகம் விற்காத மாடல் என்றால், பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டியதுதான்.

* பிரேக்கில் விளையாட வேண்டாம்: 1960-களின் பாதிவரை வந்த பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் வழிதான். ஓரிடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். பலர் இரண்டு வழி உள்ளதாக மாற்றிக்கொள்கிறார்கள். பார்க்கத் தெரியாது, உயிரைக் காக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு பலர் ஒரு தவறைச் செய்கிறார்கள். பளபளவென்று ஆன காரை உறை போட்டு மூடிவிடுகிறார்கள். நின்றுகொண்டே இருக்கும் காருக்கு என்ன ஆகும்? டேங்கில் பெட்ரோல் கெட்டு, பிசினாகி, கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் இறுகும். டயர் ஒரு பக்கம் தட்டையாகும். எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடிக்கும். அதனால்தான், அவ்வப்போது வெளியே எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள்.

நம் வீட்டு பீரோவில் இருக்கும் கல்யாணப் பட்டுக்கும் இதே கதைதானே? 'நல்ல புடவை, எடுக்க வேண்டாம்' என்று மடித்து வைத்தால், ஒருநாள் பிரிக்கும்போது மடிப்போடு விட்டுப்போயிருக்கும். அடிக்கடி எடுத்துக் கட்டி, உலர்த்தி, மடிப்பை மாற்றி வைத்த புடவை மகளுக்கும் வரும்.

டல்சாக்காரர்கள் காரை நேசிக்காமல் இல்லை. ஆனால், 50 வருடத்தில் ஒருமுறைகூட யாரும் திறந்து பார்க்கவில்லை. கியூபாக்காரருக்கோ வேறு வழியே இல்லை. இன்றைக்கு ஓடினால்தான் நாளைக்குச் சாப்பாடு என்பதால், தினமும் பானெட்டைத் திறந்தார்.

அப்புறம் ஒரு கொசுறுத் தகவல். 1998-ல் டல்சாவில் இன்னொரு காரையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிளிமத் ப்ரவ்லர். இந்த முறை தரைக்கு மேலே! 2048-ல் திறப்பார்களாம். அதுவரைக்கும் யாராவது நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் நல்லது.