துயருற்றவளே துணையாவாள்

இன்பம் வந்தபோது இறைவனை மறப்பதும், துன்பம் வந்தபோது அவனை நொந்துகொள்வதும் மனித இயல்பு. "யான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன்?" என்ற வினா எழாத உள்ளம் உலகில் அரிது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தபோது நானும் அவ்வாறே வினவினேன். மாணவர்க்கு அறநூல் போதிக்கும் எனக்கு அன்று ஒரு நூலும் கைகொடுக்கவில்லை.

அவ்வாண்டு வைகாசியில் என் தாயார் என்னைச் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயிலுக்கு அழைத்தார். ஒருபால் கடலும் மறுபால் மட்டக்களப்பு வாவியும் சூழ்ந்த ஊர் அது.

"அங்கே போய் இனி எதைக் கேட்பது அம்மா?" என்றேன்.

"ஒன்றும் கேட்க வேண்டாம் மகன். அவளும் துணையை இழந்தவள்தானே. கொஞ்ச நேரம் அவள் முன்னால் போய் இரு" என்றார்.

சிலப்பதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு இவ்வுண்மை புலப்படவில்லை! கண்ணகி எப்பிழையும் செய்தவள் அல்லள். பிரிந்த கணவன் திரும்பி, மதுரையிலே புதுவாழ்வு தொடங்கவிருந்த வேளையில், பொய்ப்பழியால் அவன் கொலையுண்டான். அவள் நீதி கேட்டு வென்றாள். ஆயினும் இழந்த வாழ்வு மீளவில்லை. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருந்தான் என்கிறது அக்காவியம்.

மட்டக்களப்பு மக்கள் அவளைத் தாயாகவே கொண்டனர். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். நிறைவாகக் குளிர்த்தி நிகழும். வெந்த அவள் நெஞ்சு தணியவேண்டுமெனப் பாடிக் குளிர்விப்பதே அச்சடங்கின் கருத்து. தன் துயரைச் சுமந்து வந்தவன், அங்கே தெய்வத்தின் துயரை ஆற்ற நிற்கின்றான். அப்படி நிற்கையில் அவன் நெஞ்சும் அறியாமலே ஆறிவிடுகின்றது.

1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 இல் பொங்கிய ஆழிப்பேரலையையும் இக்கரையோரம் கண்டது. பக்தி அவற்றைத் தடுத்ததா? இல்லை. எனினும், வீடிழந்தோரும் உறவிழந்தோரும் பின்னர் அதே சந்நிதிகளில் ஒருவர் அருகே ஒருவராய் நின்றனர். தனித்து அழுதவர்க்கு உடன் அழ ஓர் ஊர் இருந்தது. நம்பிக்கை தரும் பாதுகாப்பு இதுவே.

அன்றிரவு நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் குழந்தையை இழந்த ஒரு தாய் நின்றிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். நாங்கள் பேசவில்லை, இருவரும் குளிர்த்திப் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் கல்லூரி மணி ஒலித்தபோது, பல நாளாகச் செல்லாத வகுப்பறைக்குச் சென்றேன்.

மாணவச் செல்வங்களே! தோல்வியோ இழப்போ நேருமாயின் உங்கள் துயரை ஒளித்து வையாதீர்கள். வழிபடும் தெய்வத்தின் முன் அதை இறக்கி வையுங்கள். பின்னர் அருகே நிற்பவர் முகத்தையும் ஒருமுறை நோக்குங்கள். ஆற்றவேண்டிய துயரொன்று அங்கும் இருக்கும்.