வசனமா, வாதமா?



ஒரே குடும்பத்தில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் புறப்படுகிறார். தம்பி கறுப்புச் சட்டை அணிந்துகொண்டு பகுத்தறிவுக் கூட்டத்துக்குப் புறப்படுகிறார். குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய காட்சி அன்று. தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய பின்னும் இந்த வேறுபாடு கூடவே வந்திருக்கிறது. இன்றைக்குத் தம்பியின் இடத்தில் கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கலாம், அவ்வளவுதான். ஒருவர் வசனம் சொல்வார், மற்றவர் கேள்வி கேட்பார். சோறு பாதியில் இருக்க ஒருவர் எழுந்து போய்விடுவார். பிறகு அண்ணன் மகளின் திருமணம் ஆலயத்தில் நடக்கும்போது தம்பி வாசலோடு நின்றுவிடுவதும், தம்பி வீட்டுச் சீர்திருத்தத் திருமணத்துக்கு அண்ணன் குடும்பம் போகாமலே இருந்துவிடுவதும் நடக்கின்றன.

கடவுள் இல்லை என்று சொல்பவரிடம் தம் விசுவாசத்தைப் பற்றிப் பேச விரும்பும் கிறிஸ்தவர் எதை முதலில் எடுக்க வேண்டும்? வேதவசனத்தையா, அறிவு வாதத்தையா? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கிறிஸ்தவரல்லாத நேயர்களும் கேட்கலாம். ஒரு கூரையின் கீழ் இரண்டு கொள்கைகள் இருக்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். இன்னொன்றையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று நம் நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது விதி, 4-ஆம் பிரிவு கூறுகிறது. நாம் இங்கே பேசுவது தமிழ்க் குடும்பங்களுக்குள் நடக்கும் பேச்சைப் பற்றி மட்டுமே.

முதலில், நம்மிடையே உள்ள நாத்திகர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பட்டையைப் பாராமல் கத்தி வைப்பவன் மரத்தையும் காயப்படுத்துவான், பாலையும் எடுக்கமாட்டான் அல்லவா? தமிழ் நாத்திகம் நேற்று முளைத்தது அன்று. சென்னையில் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற வார இதழ் வெளிவந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் அதை நடத்தினார்கள். இந்து சாத்திரங்களோடு கிறிஸ்தவ வேதத்தையும் அவர்கள் வரிவரியாகக் கேள்வி கேட்டார்கள். அடுத்து, 1925-இல் 'குடிஅரசு' ஏட்டைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ரா.வின் சுயமரியாதை இயக்கம் வந்தது. தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1927-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவை அந்த இயக்கத்தார் தமிழில் வெளியிட்டார்கள். தாம் ஏன் நாத்திகர் ஆனார் என்று பகத்சிங் எழுதியதை ஜீவா மொழிபெயர்த்தார்.

பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். 1954 டிசம்பரில் மறுபடியும் வந்தார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' சீர்திருத்தக் கருத்துகளைப் பாலத்துக்கு இப்பாலும் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே பகுத்தறிவு பேசும் தம்பி பைபிளை அறியாதவர் என்று அண்ணன் எண்ணிக்கொள்ளக் கூடாது. சில சமயம் அண்ணனைவிட அதிகமாகவே படித்திருப்பார், குற்றம் கண்டுபிடிப்பதற்காகவாவது.

இத்தகையவரிடம் பலர் முதலில் எடுத்து வீசுவது 14-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். கடவுள் இல்லையென்று உள்ளத்தில் சொல்லிக்கொள்பவன் மதிகேடன் என்பது அதன் கருத்து. எதிர்த் தரப்பிலும் கடவுளை நம்புகிறவனை மோசமாகச் சொல்லும் முழக்கம் உண்டு. ஆக, இருவரும் ஒருவரையொருவர் முட்டாள் என்று சொல்லிவிட்டார்கள்; பேச்சு முடிந்தது! ஆனால் அந்தச் சங்கீதத்தை நாலாம் வசனம் வரை பொறுமையாகப் படித்தவர் எத்தனை பேர்? சோற்றைத் தின்பது போல ஏழை மக்களைத் தின்று தீர்ப்பவர்களைப் பற்றி அது பேசுகிறது. கடவுள் கேட்கமாட்டார் என்ற துணிச்சலில் எளியவனை நசுக்குகிறவனே அங்கே மதிகேடன். தொழிலாளியின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் ஒரு பகுத்தறிவாளன்மீது அந்த வசனத்தை வீசுவது, வசனத்துக்கே செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

வசனம் மட்டும் போதும் என்பவர்களும் காரணமில்லாமல் சொல்லவில்லை. கேட்பதினாலேதான் விசுவாசம் வரும் என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் வசனத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டவருக்குத்தான் அது தீர்ப்பு. ஏற்றுக்கொள்ளாதவருக்கு அது ஒரு சாட்சியின் வாக்குமூலம். சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்வார். செய்யட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரை நினைத்துப் பாருங்கள். 1898-இல் கேரளத்துத் திருவல்லாவில், மார்த்தோமா சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். வேதத்தைக் கேட்டு வளர்ந்தும் நாத்திகரானவர். 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். அது மெதடிஸ்ட் மிஷன் கல்லூரி. அங்கே அவருக்கு வேதபாட வகுப்பும் கொடுக்கப்பட்டதாம். தேர்வில் மாணவர்கள் மிகச் சிறப்பாகத் தேறினார்கள். மறு ஆண்டு அந்த வகுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள்தான், ஆனால் எல்லாரும் விசுவாசத்தை இழந்துவிட்டார்களே என்று கல்லூரி முதல்வர் சிரித்துக்கொண்டே சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. வசனங்கள் அதே வசனங்கள்தான். மனப்பாடமும் குறைவில்லை. கேள்விகளை எதிர்கொள்ளப் பழகாத பிள்ளைகளின் விசுவாசம் முதல் கேள்வியிலேயே கழன்றுவிட்டது. 1978-இல் மறையும் வரை, அற்புத சக்தி உண்டு என்று சொல்லிக்கொள்பவர்களுக்குச் சவால் விட்டபடியே இருந்தார் கோவூர்.

சரி, அப்படியானால் வாதம்தான் வழியா? கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும், உலகம் இருப்பதால் அதைப் படைத்தவரும் இருக்க வேண்டும் என்று சொல்வோம். வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயர் 1802-இல் எழுதிப் புகழ்பெற்ற வாதம் இது. இதற்கு விடையாக 1859-இல் வந்த டார்வினின் நூலைப் பகுத்தறிவாளர் எடுத்துக்காட்டுவார். எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார் என்றும் கேட்பார். அதற்கும் மறுமொழி உண்டு, அந்த மறுமொழிக்கும் மறுமொழி உண்டு. விடிய விடியப் பேசலாம். பேசி ஜெயித்தாலும் கிடைப்பது என்ன? உலகைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான். சிலுவையில் தொங்கியவர் அந்த வாதத்துக்குள் எங்கும் வருவதில்லை.

பைபிளிலேயே இந்த இரண்டு வழிகளும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தெசலோனிக்கே ஊரில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் பவுல் மூன்று ஓய்வுநாள்கள் வேதத்தை வைத்தே பேசுகிறார். கேட்பவர்களுக்கு அந்த வேதம் ஏற்கெனவே தங்கள் வேதம். அங்கிருந்து பெரோயா வழியாக அத்தேனே பட்டணத்துக்கு வருகிறார். அங்கே எப்பிக்கூரர் இருக்கிறார்கள். தெய்வங்கள் இருந்தாலும் மனிதன்மீது அவற்றுக்கு அக்கறை இல்லை என்பது அவர்கள் கொள்கை. அந்தக் காலத்தில் நாத்திகத்துக்கு மிக நெருங்கியவர்கள் அவர்களே. அவர்களிடம் பவுல் மோசேயையும் காட்டவில்லை, ஏசாயாவையும் காட்டவில்லை. அவர்கள் ஊரிலிருந்த பெயர் தெரியாத கடவுளின் பலிபீடத்திலிருந்து தொடங்குகிறார். அவர்களுடைய புலவர்களின் வாக்கையே எடுத்துச் சொல்கிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. முடிவில் உயிர்த்தெழுதலுக்கு வருகிறார். அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி முதலிய சிலர் நம்பினார்கள். நம்மூர்க் கூட்டங்களிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்!

வானொலியில் பேசிய ஒருவர் கதையும் இங்கே சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் வாழ்ந்த சி. எஸ். லூயிஸ் இளமையில் நாத்திகர். பல ஆண்டு வாதங்களுக்குப் பிறகு 1929 அளவில் கடவுள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1931-இல் ஓர் இரவு தோல்கீன், டைசன் என்ற இரு நண்பர்களோடு நடந்துகொண்டே நெடுநேரம் பேசினார். அன்றைய பேச்சு, பழங்கதைகளைப் பற்றியும் சுவிசேஷக் கதையைப் பற்றியும்தான். சில நாள்களில் அவர் கிறிஸ்தவரானார். பின்னர் போர்க்காலத்தில், 1941 முதல் 1944 வரை, பி.பி.சி. வானொலியில் அவர் பேசியபோது வசனத்தில் தொடங்கவில்லை. சண்டை போடும் இரண்டு பேர் நியாயம் என்ற ஒன்றை ஏன் துணைக்கு அழைக்கிறார்கள் என்ற கேள்வியில் தொடங்கினார்.

இதற்கு மாறான இன்னொரு கதையும் உண்டு. பாரிஸ் நகரில் வளர்ந்த அந்தோணி புளூம் என்ற ரஷ்யச் சிறுவன் ஒரு பாதிரியாரின் பேச்சைக் கேட்டு வெறுத்துப்போனான். இது உண்மைதானா என்று பார்த்து ஒரே அடியாக முடித்துவிடலாம் என்று வீட்டில் புதிய ஏற்பாட்டைத் தேடி எடுத்தான். அதிக நேரம் வீணாகக் கூடாது என்று நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியதான மாற்குவைத் தேர்ந்தெடுத்தான். மூன்றாம் அதிகாரத்தை எட்டுமுன் அவன் மனம் மாறிவிட்டது. பிற்காலத்தில் மருத்துவரான அவர், பிறகு ஆர்த்தடாக்ஸ் சபையின் பேராயராக இலண்டனில் வாழ்ந்து 2003-இல் மறைந்தார். கவனியுங்கள்: அவனை விரட்டியது ஒரு பிரசங்கம், இழுத்தது புத்தகம். எதிரியாகவே இருந்து, யாரும் குறுக்கிடாமல், தன் வேகத்தில் தொடக்கத்திலிருந்து படித்தான். வசனத்தைத் துண்டு துண்டாகக் கல்லைப் போல வீசுவதற்கும், முழுக் கதையைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கையில் கொடுக்கும் புத்தகத்தின் தமிழையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வந்தது. தனித்தமிழ் பேசிப் பழகிய பகுத்தறிவாளருக்கு 'கிருபை', 'பரிசுத்தம்', 'ஜநிப்பித்தல்' போன்ற சொற்கள் முதல் பக்கத்திலேயே சலிப்பூட்டும். 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு அவருக்கு எளிதாக இருக்கும். பேதுரு எழுதிய முதல் நிருபத்தில், உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடு மறுமொழி சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்ற கருத்து 3-ஆம் அதிகாரத்தில் வருகிறது. மறுமொழி என்பதற்குப் பழைய மொழிபெயர்ப்பில் 'உத்தரவு' என்று இருக்கும். அன்றைக்கு அதற்குப் பதில் என்று பொருள். இன்றைக்குக் கட்டளை என்று பொருள். நம்மில் சிலர் இன்றைய பொருளிலேயே அதை நடைமுறைப்படுத்துகிறோம்! அந்த வசனத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: விசாரிப்பவர்களுக்கு. கேட்காதவருக்குப் பதில் சொல்லும்படி பேதுரு சொல்லவில்லை.

கேட்கிறார் என்றால் என்ன கேட்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தமிழ் நாத்திகரின் முதல் கேள்வி பெரும்பாலும் உலகம் எப்படித் தோன்றியது என்பதன்று. ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பாடுகிற உங்களிடம் சாதி ஏன் இருக்கிறது என்பதே அவர் கேள்வி. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்தில், சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த தடுப்புச் சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. இதற்கு எந்த வசனத்தைச் சொல்லப் போகிறோம்? எந்த வாதத்தை வைக்கப் போகிறோம்? நடந்தது உண்மை, அது தவறு என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மையான மறுமொழி. அந்தச் சுவரை இடிக்க முன்வந்தவர்களும் அதே வேதத்தைப் படித்தவர்கள்தான் என்றும் சொல்லலாம். ஆனால் நம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் என்ன விசாரிக்கிறோம் என்பதைத் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த கேள்வி துன்பத்தைப் பற்றியது. காய்ச்சலில் போன குழந்தை, மரம் விழுந்து போன தகப்பன், இவர்களை உங்கள் கடவுள் ஏன் காப்பாற்றவில்லை? இங்கேதான் கிறிஸ்தவர்கள் மிக அவசரப்படுகிறார்கள். வசனம் சொல்பவர், எல்லாம் நன்மைக்கே என்பார். வாதம் செய்பவர், மனிதனின் சுயாதீனத்தைப் பற்றி விளக்குவார். யோபின் புத்தகத்தில் மூன்று நண்பர்கள் இந்த இரண்டையும் செய்தார்கள். வந்தவுடன் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்த பிறகு, கடவுள் செய்தது நியாயமே என்று ஒருவர் மாற்றி ஒருவர் வாதாடினார்கள். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கடவுளுக்குக் கோபம் வந்தது தம்மைக் கேள்வி கேட்ட யோபின்மீது அன்று. தமக்காக வாதாடிய நண்பர்கள்மீதுதான்.

ஆகவே தம்பி வீட்டில் துக்கம் என்றால், புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பந்தல் போட, அரிசி வாங்க, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டியிருக்கும். மாதங்கள் கழித்து அவரே அந்தக் கேள்வியை மறுபடி கேட்டால், யோபு 3-ஆம் அதிகாரத்தை அவருக்குப் படித்துக் காட்டலாம். தான் பிறந்த நாளையே சபிக்கும் ஒரு மனிதனின் குரல் அது. இதெல்லாமா உங்கள் வேதத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கக்கூடும். இருக்கிறது என்று சொல்லுங்கள். மீதியை அவரே படித்துக்கொள்வார்.