ஷட்டர் இறங்கும் நேரமும் பிள்ளைகளின் உறக்கமும்

வணிகர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் கடை அடைக்கும் நேரமே தீர்மானிக்கிறது. இரவு பத்து மணிக்குக் கல்லா எண்ணி, பத்தரைக்கு ஷட்டரை இறக்கி, பதினொரு மணிக்கு எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கும். இடையில் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறு, ஆறரை மணி நேர உறக்கம்.

இது போதுமா? அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, பள்ளி செல்லும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி. கைக்குழந்தைக்கு இன்னும் அதிகம். நம் வீட்டுப் பத்து வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரமாவது குறைகிறது. மூட்டைக்கு இரண்டு கிலோ எடை குறைந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கேட்கிற நாம், இந்தக் குறைவை மட்டும் ஆண்டுக்கணக்கில் கேட்காமல் விடுகிறோம்.

கடையைச் சீக்கிரம் அடையுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள். எட்டு மணிக்கு மேல்தான் வியாபாரமே சூடு பிடிக்கிறது. ஆனால் பிள்ளைகளின் சாப்பாட்டைக் கடையோடு முடிச்சுப் போடாமல் இருக்கலாமே. எட்டு மணிக்கு அவர்களுக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குள் படுக்கை. கணவன் மனைவி இருவரும் கடையில் இருந்தால் ஒருவர் முறை வைத்து முன்னதாக வீட்டுக்குப் போகலாம். கடையும் வீடும் ஒன்றாக இருப்பவர்கள், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியின் ஒலியையாவது ஒன்பது மணிக்கு மேல் குறைத்து வைக்கலாம். பத்து ரூபாய் வந்த செய்தி தொட்டில் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

கைக்குழந்தையோடு கடைக்கு வரும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாக்குக் கட்டின் மேல் துணி விரித்துக் குழந்தையைப் போடுவதை இன்றும் பார்க்கிறேன். விழுவது ஒருபுறம் இருக்க, மெத்தென்று அமுங்கும் இடத்தில் குழந்தையின் முகம் புதைந்தால் அதனால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. தூசி படாமலிருக்க முகத்தின் மேல் துணி போடுவதும் கூடாது. ஒரு வயது வரை தட்டையான, உறுதியான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதே நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'குப்புறப் போடாதீர்கள்' என்று பெற்றோரிடம் பெரிய அளவில் பிரசாரம் செய்தார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை அதற்குப் பின் பாதிக்கும் கீழே இறங்கியது. சேலைத் தூளி கட்டுபவர்கள், குழந்தை இல்லாத நேரத்தில் அதை அவிழ்த்து வைத்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் ஆடி, முறுக்கிக் கழுத்து இறுகிய செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது.

குழந்தையைத் தூங்க வைக்கும் சரக்குகளும் நம் கடையில்தான் கிடைக்கின்றன. பொழுது சாய்ந்தபின் வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். "பேர் சொல்லாதது" என்பார்கள். கூடவே ஜாதிக்காயும் கேட்டு, "எத்தனை உரை உரைக்கணும் அண்ணாச்சி?" என்று நம்மிடமே அளவு கேட்கிறார்கள். அளவு சொல்வது மளிகைக்காரர் வேலை அல்ல. ஜாதிக்காய் கூடினால் மயக்கமும் படபடப்பும் தரக்கூடிய பொருள். அசந்து கிடக்கும் குழந்தை சுகமாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். வசம்பில் உள்ள ஒரு சத்தின் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது என்பதே இன்றைய மருத்துவம். தலை உருண்டையாக வரவேண்டும் என்று தலையணைக்குக் கடுகு வாங்க வருபவர்களிடமும், முதல் ஆண்டில் தலையணையே வேண்டாம் என்று சொல்லலாம். அரைக் கிலோ கடுகு விற்காவிட்டால் நாம் ஒன்றும் நொடித்துப் போகமாட்டோம்.

கொசுவத்திச் சுருளும் அப்படியே. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வரும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மூடிய அறையில் பிள்ளைகளோடு அதை ஏற்றுவதைவிடக் கொசுவலை எவ்வளவோ மேல்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. பதின்மூன்று வயதுக்கு மேல் உடம்பிலுள்ள கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போகிறது. இரவு பத்தரை, பதினொன்றுக்கு முன் கண் சொருகாது. அதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமல்ல. இதை உணர்ந்துதான் கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019-ல் சட்டம் இயற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். நாமோ பையனைப் பதினொரு மணி வரை கடையில் நிறுத்தி, விடிகாலை மூன்றரைக்குக் காய்கறிச் சந்தைக்கு வண்டி எடுக்கச் சொல்கிறோம். தூங்காதவன் ஓட்டும் வண்டியும் குடித்தவன் ஓட்டும் வண்டியும் சாலையில் ஒன்றுதான். பதினெட்டு நிரம்பாதவனாக இருந்தால், 2019 திருத்தச் சட்டப்படி தகப்பனுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. படுக்கையில் செல்போன் வேண்டாம் என்று அவனிடம் சொல்லும் முன், நாம் படுத்துக்கொண்டு நிலுவைக் கணக்குப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

இனி, என்னைப் போன்ற மொத்த வியாபாரிகள் அவசியம் கவனிக்க வேண்டியது. பருப்பிலும் தானியத்திலும் வண்டு விழாமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நாற்பது ஆண்டுகளாக அறிவேன். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்னும் விஷவாயு கிளம்பும். மூன்று கிராம் மாத்திரை ஒன்று, ஒரு கிராம் வாயுவைத் தரும். சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் அது பக்கத்து அறைக்குப் போகும். பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வந்தால்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. வாடை தெரியாமலும் இருக்கலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. பெரியவரைவிடச் சிறு பிள்ளையை விரைவில் தாக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலி மருந்து வைத்த இரவு உறங்கிய குடும்பத்தில் இரண்டு சிறு குழந்தைகள் இறந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

கிட்டங்கிக்கு மேலேயோ ஒட்டியோ குடியிருப்பவர்கள் நம்மில் பலர். சட்டப்படி இந்த மாத்திரையை எல்லோரும் வாங்கி வைக்க முடியாது. அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களே, நிபுணர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மருந்து வைத்து மூடிய நாளிலிருந்து, திறந்து நன்றாகக் காற்றாட விட்டு அவர்கள் சரியென்று சொல்லும் வரை, பிள்ளைகளை அந்தக் கட்டடத்தில் இரவு தங்க வைக்காதீர்கள். உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். பக்கத்துக் குடித்தனக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மீதி மாத்திரையை வீட்டு அலமாரியில் வைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். இரவில் பிள்ளைக்கு வாந்தி, வயிற்று வலி, தலைவலி, மூச்சு முட்டல் வந்தால் ஓட்டல் சாப்பாடு என்று இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொண்டிருக்காமல், எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிட்டங்கியில் மருந்து வைத்திருக்கிறோம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதிகாரிகள் கேட்பார்களே என்று மறைத்தால் வைத்தியம் வேறு திசையில் போய்விடும்.